ரெயிலைத் தவறவிட்டார், உலகத்துக்கே கடிகாரம் தேடினார்!

1876-ம் ஆண்டு. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரையில் பண்டோரன் என்று ஒரு சிறிய ஊர். கோடைகாலத்தில் கடல் காற்று வாங்கப் பலர் அங்கு வந்து தங்குவது வழக்கம். அந்த ஊர் ரெயில் நிலையத்துக்கு ஒரு மாலை நேரத்தில் ஒரு பிரயாணி வந்து சேர்ந்தார். வயது 49. பெரிய தாடி. வாட்டசாட்டமான உடம்பு.

ரெயில் நேரம் அச்சடித்த புத்தகத்தை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார். மாலை 5-35-க்கு ரெயில் என்று அதில் போட்டிருந்தது. அவர் நேரத்தோடு வந்துவிட்டார். 5-35 ஆயிற்று. ரெயில் வரவில்லை. பிறகும் வரவில்லை. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அது மாலை ரெயில் அல்ல; காலை ரெயில்! காலையைக் குறிக்க ஏ.எம். என்று இருக்கவேண்டிய இடத்தில் பி.எம். என்று அச்சாகிவிட்டது.

ஓர் எழுத்துப் பிழை. அதற்கு விலை, ஓர் இரவு முழுவதும் காத்திருப்பு.

வேறொருவராக இருந்தால் அச்சுக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை. இவரே ரெயில் பாதை போடும் என்ஜினீயர். அச்சுக்காரரைக் காட்டிலும் கடிகாரத்தின் மேல்தான் குற்றம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஒரே நாளில் 5-35 என்ற நேரம் எதற்காக இரண்டு தடவை வரவேண்டும்? ஒன்று முதல் இருபத்து நான்கு வரை நேராக எண்ணினால் என்ன? அது மட்டுமா? ஊருக்கு ஒரு நேரம் ஏன்? உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம் இருந்தால் என்ன?

இப்படிக் கேட்டவர்தான் சர் ஸாண்ட்போர்டு பிளெமிங்.

மூன்று ஊர், ஒரு கூட்டம்

இன்று ஒரே கம்பெனிக்கு டொரான்டோவில் ஓர் ஆபீஸ், லண்டனில் ஓர் ஆபீஸ், சிட்னியில் ஓர் ஆபீஸ் இருப்பது சாதாரணம். மூன்று ஊர்க்காரர்களும் கம்ப்யூட்டரில் ஒரே காலண்டரைப் பகிர்ந்து வைத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எப்போது ஒழிவு என்று அதுவே காட்டிவிடுகிறது. ஒருவர் கூட்டத்துக்கு நேரம் குறித்தால், மற்றவர்களின் காலண்டரிலும் அது ஏறிவிடுகிறது.

ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டொரான்டோவில் மாலை 5 மணிக்குக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். லண்டன்காரர் தம்முடைய காலண்டரைப் பார்த்தால் இரவு 10 மணி என்று இருக்கும். சிட்னிக்காரர் பார்த்தால் புதன்கிழமை காலை 9 மணி என்று இருக்கும். கிழமையே மாறிவிட்டது! ஆனாலும் மூன்று பேரும் ஒரே நொடியில் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது எப்படி முடிகிறது? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வருவதற்கு முன்பே காலமாகிவிட்ட பிளெமிங்கின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தச்சர் மகன்

ஸ்காட்லாந்தில் கிர்க்கால்டி என்பது கடற்கரைப் பட்டணம். அங்கே 1827-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி பிளெமிங் பிறந்தார். தகப்பனாருக்குத் தச்சுத் தொழில். பையனுக்குப் படம் வரைவதில் ஆசை, கணக்கிலும் கெட்டி. அவ்வூர் என்ஜினீயர் ஒருவரிடம் நிலம் அளக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள அவனைச் சேர்த்துவிட்டார்கள். அந்த நாளிலேயே டைரி எழுதும் பழக்கம் அவனுக்கு உண்டு. கிழவரான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

1845-ல் அண்ணனோடு கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போனார். அப்போது வயது 18. பிழைப்பு உடனே கிடைத்துவிடவில்லை. கனடா அப்போது பெரும்பாலும் காடு. என்ஜினீயருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்களே அதிகம். பிளெமிங் சும்மா இருக்கவில்லை. ஊர்களை அளந்து வரைபடம் போட்டார். தாமே கல் அச்சில் அடித்து விற்றார். நில அளவைப் பரீட்சையும் தேறினார்.

1849-ல் அவர் வேலையாக மான்ட்ரீல் நகரத்துக்குப் போயிருந்தார். அன்று அங்கே பெரிய கலகம். கலகக்காரர்கள் பாராளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். உள்ளே விக்டோரியா ராணியின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. எரிகிற கட்டடத்துக்குள் ஓடி அதைத் தூக்கிக்கொண்டு வந்த சிலரில் இந்த வாலிபரும் ஒருவர்.

இரண்டே பேர் வந்த கூட்டம்

அதே 1849-ல் டொரான்டோவில் கனடா கழகம் என்ற அறிவியல் சங்கத்தைச் சிலர் ஆரம்பித்தார்கள். பிளெமிங்கும் அதில் முக்கியமானவர். ஆரம்பித்தபோது இருந்த உற்சாகம் சில மாதங்களில் வடிந்துவிட்டது. 1850-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். வந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! அவர்களில் ஒருவர் பிளெமிங்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளெமிங் செயலாளர் ஆனார். சங்கத்தைத் தொடர்ந்து நடத்துவது என்று முறைப்படி தீர்மானம் போட்டார்கள்! அந்தச் சங்கம் பிழைத்துக்கொண்டது. கூட்டம் கூட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை 23 வயதிலேயே அவர் அனுபவித்துவிட்டார். முப்பது வருடம் கழித்து உலகப் பொது நேரத்தைப் பற்றி அவர் பேசியதும் இதே சங்கத்தின் மேடையில்தான்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. 1851-ல் கனடாவுக்கு முதல் தபால் தலை வேண்டியிருந்தது. படம் வரைந்து கொடுத்தவர் பிளெமிங். ராஜா ராணி தலையைத்தான் தபால் தலையில் போடுவார்கள். பிளெமிங்கோ பீவர் என்ற பிராணியை வரைந்தார். பல்லால் மரத்தை அறுத்து ஆற்றில் அணை கட்டும் பிராணி அது. என்ஜினீயர் வேறு எதை வரைவார்? அந்த மூன்று பென்னி தலை, தபால் தலை சேகரிப்பவர்களிடையே இன்றும் பேர் போனது.

இரும்புப் பாதை

1855-ல் அவருக்குத் திருமணம். மனைவி பெயர் ஜீன். ரெயில்வே வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹாலிபாக்ஸ் துறைமுகத்தைக் கியூபெக்குடன் இணைக்கும் பாதைக்கு அவரே தலைமை என்ஜினீயர். பாலங்களை மரத்தால் கட்டினால் போதும், செலவு குறையும் என்றார்கள் மேலே இருந்தவர்கள். இரும்புதான் வேண்டும், மரம் எரியும், மக்கும் என்று பிளெமிங் பிடிவாதம் பிடித்தார். அவர் பிடிவாதமே ஜெயித்தது. 1876-ல் அந்தப் பாதை முழுவதும் திறக்கப்பட்டது.

அதற்குள் அதைவிடப் பெரிய வேலை வந்துவிட்டது. கனடாவின் கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் ஒரே ரெயில் பாதையால் இணைக்கவேண்டும். 1871-ல் அதற்கும் அவரைத் தலைமை என்ஜினீயர் ஆக்கினார்கள். எந்த வழியாகப் பாதை போவது? காகிதத்தில் பார்த்தால் போதாது என்று 1872-ல் அவரே புறப்பட்டார். நண்பரான பாதிரியார் கிராண்டு கூட வந்தார். மகனும் வந்தான். ஜூலையில் ஹாலிபாக்ஸில் கிளம்பி, ரெயில், நீராவிக் கப்பல், தோணி, மாட்டு வண்டி, குதிரை, கால்நடை என்று எல்லாவற்றிலும் பிரயாணம் செய்து, அக்டோபரில் பசிபிக் கரையைத் தொட்டார்கள். வழியில் கப்பலில் ஒரு தாவர ஆராய்ச்சியாளரைச் சந்தித்தார். அவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு போய்விட்டார்!

கிழக்கிலிருந்து மேற்காக இப்படி மாதக் கணக்கில் போகிறவருக்கு ஒரு விஷயம் நன்றாக உறைக்கும். போகப் போகக் கைக்கடிகாரம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஊருக்கு ஒரு நேரம்

அதற்குக் காரணம் சூரியன். பூமி ஒரு முறை தன்னைத்தானே சுற்ற 24 மணி ஆகிறது. வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊரில் சூரியன் முதலில் உச்சிக்கு வரும். மேற்கே உள்ள ஊரில் பிறகு வரும். ரெயில் வருவதற்கு முன் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வந்ததைப் பார்த்துப் பகல் 12 மணி வைத்துக்கொண்டது. டொரான்டோவில் 12 மணி அடிக்கும்போது பக்கத்து ஹாமில்டனில் 11-58. மான்ட்ரீலில் ஏறக்குறைய 12-23.

மாட்டு வண்டிக் காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ரெயில் வந்ததும் வம்பு வந்தது. ஒவ்வொரு ரெயில்வே கம்பெனியும் தன் தலைமை ஊர் நேரத்தை வைத்துக்கொண்டது. வட அமெரிக்காவில் மட்டும் சுமார் ஐம்பது விதமான ரெயில்வே நேரங்கள் நடந்தன. ஒரே ஸ்டேஷனில் இரண்டு மூன்று கடிகாரங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். எந்த ரெயிலுக்கு எந்தக் கடிகாரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக வரும் இரண்டு ரெயில்களின் டிரைவர்கள் வெவ்வேறு கடிகாரத்தை நம்பினால் என்ன ஆகும்? உயிர்ச்சேதம்தான்.

நம் நாட்டிலும் இந்தத் தலைவலி இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் நடுவில் இருந்ததால், மதராஸ் வானியல் ஆராய்ச்சிக்கூடம் கணித்த மதராஸ் நேரத்தையே ரெயில்வேக்கள் எடுத்துக்கொண்டன. பம்பாயில் வீட்டுக் கடிகாரம் ஒன்று காட்டும். ரெயில் ஓடுவது மதராஸ் கடிகாரப்படி!

இரண்டு முகக் கடிகாரம்

பண்டோரனில் ரெயிலைத் தவறவிட்ட பிறகு பிளெமிங் எழுத உட்கார்ந்தார். முதலில் ஒரு சிறு நூல் வந்தது. பிறகு யோசனை வளர்ந்தது.

அவர் திட்டம் இதுதான். பூமியை 24 கீற்றுகளாகப் பிரிக்கவேண்டும். ஆரஞ்சுச் சுளை போல் ஒவ்வொன்றும் 15 பாகை. ஒவ்வொரு கீற்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. உலகம் முழுவதற்கும் ஒரே பொதுக் கடிகாரம். அதில் மணிக்குப் பதில் அந்த எழுத்துகளே இருக்கும். ரெயில், கப்பல், தந்தி எல்லாம் அந்தப் பொது நேரப்படி நடக்கட்டும். வீட்டில் சாப்பிடவும் தூங்கவும் அந்தந்தக் கீற்றின் நேரம் இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் கடிகாரம் ஒன்றை லண்டனில் சொல்லிச் செய்து வாங்கினார். அதில் எழுத்துகளும் உண்டு, எண்களும் உண்டு. ஊர் நேரமும் தெரியும். உலக நேரமும் தெரியும்.

இதை அறிஞர்கள் கையைத் தட்டி வரவேற்றார்களா? அதுதான் இல்லை. 1878-ல் டப்ளின் நகரத்தில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் மாநாடு நடந்தது. தம் கட்டுரையைப் படிக்கப் பிளெமிங் அங்கே போனார். நாள் முழுவதும் காத்திருந்தார். கூப்பிடவே இல்லை. கட்டுரையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

கனடாவுக்கு வந்ததும் அதே கட்டுரையை வளர்த்து, 1879-ல் டொரான்டோவில் தம் பழைய சங்கத்தில் படித்தார். கவர்னர் ஜெனரல் அதை இங்கிலாந்து சர்க்கார் மூலம் மற்ற நாடுகளுக்கு அனுப்பிவைத்தார். பதில்கள் வந்தன. இங்கிலாந்தின் பெரிய வானியல் அறிஞர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்தின் அரசாங்க வானியல் அறிஞர் ஒருவர், பூமியின் பூச்சியக் கோடு எகிப்தின் பெரிய பிரமிடு வழியாகப் போகவேண்டும் என்று வாதாடுகிறவர். அவரும் கேலி செய்தார்.

அதற்கு அடுத்த ஆண்டே இன்னொரு அடி. ரெயில் பாதை வேலை மெதுவாக நடக்கிறது, பணம் தண்ணீராய்ச் செலவாகிறது என்று அரசியல்வாதிகள் கூச்சல் போட்டார்கள். 1880-ல் பிளெமிங்கின் பதவி போயிற்று. 53 வயதில் வேலை இல்லை. அதே ஆண்டு கிங்ஸ்டன் நகரத்து குயின்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் வேந்தராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரிப் படிப்பே இல்லாத அவர், சாகும் வரை 35 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்!

இப்போது கைநிறைய நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை நேரத்துக்கே செலவிட்டார். 1881-ல் இத்தாலியில் வெனிஸ் நகரத்து பூகோள மாநாட்டுக்குப் போனார். அமெரிக்க என்ஜினீயர் சங்கத்தில் இதற்கென்று ஏற்பட்ட கமிட்டிக்குத் தலைமை ஏற்றார். கடிதம் எழுதினார், துண்டுப் பிரசுரம் போட்டார், வந்தவர் போனவர் எல்லோரிடமும் இதையே பேசினார்.

உலகப் பொது நேரத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவார்கள். அது சரியல்ல. அமெரிக்காவில் டௌடு என்ற பள்ளி ஆசிரியர் முன்பே இதைச் சொல்லியிருந்தார். அங்குள்ள ரெயில்வே கம்பெனிகளை உட்காரவைத்துச் சம்மதம் வாங்கியவர் ஆலன் என்ற செயலாளர். பிளெமிங்கின் பெருமை வேறு. மற்றவர்கள் தங்கள் நாட்டு ரெயிலைப் பற்றி யோசித்தபோது, அவர் உலக உருண்டை முழுவதையும் பற்றி யோசித்தார்.

இரண்டு தடவை 12 மணி

1883-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ரெயில்வேக்கள் பழைய நேரங்களை ஒரேயடியாகக் கைவிட்டன. ஒரு மணி இடைவெளியுள்ள சில நேரங்களே இனி என்று ஏற்பட்டது. பல ஊர்களில் அன்று பகல் 12 மணி இரண்டு தடவை வந்தது. முதலில் பழைய கடிகாரப்படி 12. சில நிமிடம் கழித்துப் புதிய கடிகாரப்படி மறுபடி 12! நியூயார்க்கில் சுமார் நான்கு நிமிடம் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். சூரியனுக்கு உத்தரவு போட ரெயில்வே யார் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். அமெரிக்க அரசாங்கம் இதைச் சட்டமாக்கியது 1918-ல்தான்.

வாஷிங்டன் மாநாடு

1884 அக்டோபரில் வாஷிங்டன் நகரத்தில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகத்தின் பூச்சியக் கோடு எங்கே இருக்கவேண்டும்? இதுவே கேள்வி. பிரிட்டிஷ் பிரதிநிதிகளில் கனடாவின் சார்பில் பிளெமிங் இருந்தார். இந்தியாவின் பெயரில் அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜெனரல் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கிலேயர். இந்தியர் ஒருவரும் இல்லை.

லண்டனை அடுத்த கிரீன்விச்தான் வேண்டும் என்றது ஒரு கட்சி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுவான கோடு வேண்டும் என்றது பிரான்ஸ். பிளெமிங் கணக்கை எடுத்து வைத்தார். உலகக் கப்பல்களின் சரக்கில் 100-க்கு 72 பங்கு ஏற்கெனவே கிரீன்விச்சை வைத்துத்தான் ஓடுகிறது என்று காட்டினார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். கோட்டைக் கிரீன்விச்சில் போடாமல், அதற்கு நேர் எதிரே பூமியின் மறுபக்கத்தில் பசிபிக் கடல் நடுவே போட்டுவிடலாம். கப்பல்காரர்களுக்கு வரைபடம் மாறாது. பிரெஞ்சுக்காரர்களுக்கு மானமும் போகாது!

நல்ல யோசனைதான். ஆனால் அவருடன் வந்த பிரிட்டிஷ் பிரதிநிதிகளே அதைக் கைவிட்டார்கள். அது அவருடைய சொந்தக் கருத்து என்று எழுந்து சொல்லிவிட்டார்கள். ஓட்டு எடுத்தார்கள். கிரீன்விச்சுக்கு 22 ஓட்டு. எதிர்த்தது ஒரே ஒரு நாடு. பிரான்சும் பிரேசிலும் ஓட்டுப் போடவில்லை.

கிரீன்விச் நள்ளிரவில் தொடங்கும் ஓர் உலக நாளையும் மாநாடு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதை வேண்டியவர்கள் வேண்டிய காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; ஊர் நேரத்தில் அது தலையிடாது என்று ஒரு கதவையும் திறந்துவைத்தது. 24 கீற்றுத் திட்டத்தை மாநாடு ஏற்கவில்லை. எழுத்துகள் போட்ட கடிகாரத்தையும் யாரும் வாங்கவில்லை. ஆக, பிளெமிங்குக்குக் கிடைத்தது அரை வெற்றி.

அதன் பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. இந்தியாவில் 1906 ஜனவரி முதல் தேதி, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நேரம் வந்தது. மதராஸ் கடிகாரங்களை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் தள்ளிவைத்தார்கள். கல்கத்தாவும் பம்பாயும் தங்கள் பழைய நேரத்தை லேசில் விடவில்லை. பம்பாய் 1955 வரை இழுத்தது. பிரான்ஸ் 1911-ல் சட்டம் போட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. கிரீன்விச் என்ற பெயரையே அந்தச் சட்டம் சொல்லவில்லை. பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 நொடி குறைத்தால் வருவதே பிரான்ஸின் நேரம் என்றது!

கடலடித் தந்தி

1885 நவம்பர் 7-ந் தேதி கனடாவின் கடல்-கடல் ரெயில் பாதை முடிந்தது. கடைசி ஆணியைச் சம்மட்டியால் அடிக்கும் புகைப்படம் அந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஆணி அடிப்பவருக்குப் பின்னால், உயரமான தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக நிற்பவர் பிளெமிங். அவருக்குப் பிறகு வந்தவர்கள் பாதையை வேறு கணவாய் வழியாகக் கொண்டுபோனார்கள். அவர் வேண்டிய வழி வேறு. ஆனாலும் வந்து நின்றார்.

1888-ல் மனைவி இறந்துபோனார். பிளெமிங் மறுபடி ஒரு பெரிய வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். கனடாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் கடலடியில் தந்திக் கம்பி போடவேண்டும். இதற்காகப் பல வருடம் அவர் வாதாடினார். சாம்ராஜ்யத்தைக் கட்டிக் காப்பதற்கான கம்பி அது என்பதை அவர் மறைக்கவில்லை. 1897-ல் சர் பட்டம் கிடைத்தது. 1902 அக்டோபர் 31-ந் தேதி கம்பி வேலை முடிந்தது. அன்று பிளெமிங் இரண்டு தந்திகள் அனுப்பினார். ஒன்று கிழக்கே போயிற்று. ஒன்று மேற்கே போயிற்று. இரண்டும் உலகத்தைச் சுற்றிவந்து கனடாவுக்கே திரும்பின!

1915 ஜூலை 22-ந் தேதி ஹாலிபாக்ஸ் நகரத்தில் அவர் காலமானார். வயது 88. ஒட்டாவாவில் அடக்கம் செய்தார்கள்.

காலண்டருக்குள் இருக்கும் கடிகாரம்

டொரான்டோ, லண்டன், சிட்னி கூட்டத்துக்கு இப்போது வருவோம்.

1980-களின் கடைசியில் லோட்டஸ் நோட்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்தன. பல பேர் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்ய உதவுபவை அவை. அதன் பின் காலண்டரைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் பரவியது. ஒரு கம்பெனியின் காலண்டர் மற்றொரு கம்பெனியின் காலண்டரோடு பேசவேண்டும் அல்லவா? அதற்காக 1998-ல் ஐ-காலண்டர் என்ற பொது விதி ஏற்பட்டது. கூட்டத்தின் நேரத்தை எப்படி எழுதவேண்டும் என்று அது சொல்கிறது.

டொரான்டோக்காரர் மாலை 5 மணி என்று குறிக்கிறார். அதை உலகப் பொது நேரமாக மாற்றினால் 22 மணி. அந்தக் கணக்கைப் போடுவது மென்பொருளின் வேலை. அந்த எண்ணுக்குப் பின்னால் இஸட் என்ற ஓர் எழுத்தைப் போட்டு எழுதுகிறது. பூச்சியக் கோட்டின் நேரம் என்பதற்கு அது அடையாளம். லண்டனிலும் சிட்னியிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் அந்த எண்ணை வாங்கி, அந்தந்த ஊர்க் கணக்கைக் கூட்டிக் கழித்துக் காட்டுகின்றன. நாளை 24 மணியாக எண்ணுவது. நேரத்துக்கு ஓர் எழுத்து. உள்ளே உலக நேரம், வெளியே ஊர் நேரம். மாநாட்டில் எடுபடாத கடிகாரம் மென்பொருளில் எடுபட்டுவிட்டது. எழுத்துகள் மட்டும் பிளெமிங் வைத்தவை அல்ல. பிறகு வந்தவர்கள் வைத்தவை.

ஒரே ஓர் இடத்தில் மனிதர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. பல நாடுகளில் கோடை வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். குளிர்காலத்தில் பின்னால் இழுப்பார்கள். எல்லா நாடும் ஒரே நாளில் இதைச் செய்வதில்லை. ஆகவே வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்குப் பொது நேரத்தை மட்டும் குறித்தால் போதாது. எந்த ஊர்க் கடிகாரப்படி என்றும் எழுதிவைக்கவேண்டும். அதற்காக உலகத்தின் நேர விதிகளை எல்லாம் ஊர்ப் பெயர் போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாடு விதியை மாற்றினால் அந்தப் பட்டியலையும் மாற்றுகிறார்கள். அதில் நம் நாட்டுக்கு ஆசியா - கொல்கத்தா என்று பெயர். பிளெமிங்கின் முழு மணிக் கீற்றுகளில் அடங்காத அந்த அரை மணி அங்கே அப்படியே இருக்கிறது.

பண்டோரனுக்கு இப்போது ரெயில் கிடையாது. 1957-ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்.